தஞ்ச வழக்கை வாபஸ் வாங்க நினைப்பவர்களுக்கு: டர்பனிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் உள்துறை, அதாவது ஹோம் அஃபயர்ஸ், தஞ்சக் கோரிக்கையைத் தள்ளிவிட்ட பிறகு உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தவணைக்காகக் காத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. சட்டத்தரணிகளின் அறையில் நம்மவர்களுக்கு மொழிபெயர்த்து உதவுகிறவள். அங்கே அடிக்கடி காதில் விழும் கேள்வி, "கேஸை வாபஸ் வாங்கிவிடலாமா அக்கா?" என்பது. காத்திருந்து களைத்துக் கேட்பவர்கள் உண்டு. ஊருக்குத் திரும்ப முடிவெடுத்துக் கேட்பவர்கள் உண்டு. "வாபஸ் வாங்கினால் புதிதாக இன்டர்வியூ தருவார்களாம்" என்று கேள்விப்பட்டு வருபவர்களும் உண்டு. மூன்று பேருக்கும் பதில் ஒன்றாக இருக்காது. ஆனால் வாபஸ் பத்திரம் பதிவாளரிடம் போகுமுன், வரவேண்டியது எழுத்தில் கைக்கு வந்திருக்கவேண்டும் என்பது மூவருக்கும் பொது.

எந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறோம்?

1998ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம் 130இன் கீழ், முதலில் அகதி நிலை நிர்ணய அதிகாரி உங்களை விசாரித்து முடிவெழுதுவார். "ஆதாரமற்றது" என்று தள்ளினால் அகதி மேன்முறையீட்டு அதிகாரசபைக்குப் போகலாம். "வெளிப்படையாகவே ஆதாரமற்றது", "மோசடியானது" என்ற மாதிரி எழுதித் தள்ளினால், அந்த முடிவை அகதி விவகார நிலைக்குழு தானாகவே மீளாய்வு செய்யும். அங்கேயும் தோற்றால் மிஞ்சுவது உயர் நீதிமன்றம்.

அங்கே நீதிபதி "இவர் அகதியா இல்லையா" என்று முதலிலிருந்து விசாரிப்பதில்லை. அதிகாரிகள் முடிவெடுத்த முறை நியாயமானதா, சட்டப்படியானதா என்று பார்ப்பார். 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதி மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் நடக்கும் மீளாய்வு இது. சட்டத்தரணிகள் "பாஜா" என்று சொல்வது அந்தச் சட்டத்தைத்தான். நீங்கள் மனுதாரர். எதிர்மனுதாரர் வரிசையில் உள்துறை அமைச்சர், துறையின் தலைமைப் பணிப்பாளர், மேன்முறையீட்டு அதிகாரசபை என்று பல பெயர்கள் இருக்கும். அவர்களுக்காக அரச சட்டத்தரணி அலுவலகம் வரும்.

மேன்முறையீட்டுச் சபையில் கிடக்கும் கோரிக்கையை நிறுத்துவது வேறு விஷயம். கீழே சொல்வதெல்லாம் உயர் நீதிமன்ற வழக்குக்கு மட்டும்.

வாபஸ் வாங்க நீதிபதியிடம் கேட்கவேண்டுமா?

உயர் நீதிமன்றங்களின் ஒரே சீரான விதிகளில் 41ஆம் விதி இதற்கானது. விசாரணைத் தவணை குறிக்கப்படுமுன் என்றால் யாரிடமும் அனுமதி வேண்டாம். வாபஸ் அறிவித்தலை எதிர்த்தரப்புக்குக் கொடுத்து, நீதிமன்றப் பதிவாளரிடம் தாக்கல் செய்தால் போதும். தவணை குறிக்கப்பட்ட பின் என்றால் எதிர்த்தரப்பின் சம்மதம் வேண்டும், அல்லது நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஆகவே உங்கள் சட்டத்தரணியிடம் முதலில் கேட்கவேண்டியது, "தவணை போட்டாயிற்றா?" என்பது.

அந்த அறிவித்தலில் என்ன எழுதியிருக்கும்?

பெரும்பாலும் ஒரு பக்கம்தான். மேலே நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண். அதன் கீழ் உங்கள் பெயர், அப்புறம் எதிர்மனுதாரர்களின் பெயர்கள். நடுவில் ஒரே வாக்கியம்: மனுதாரர் இந்த வழக்கை இத்தால் வாபஸ் பெறுகிறார். அதற்கடுத்து செலவு பற்றி ஒரு வரி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கீழே திகதி, சட்டத்தரணியின் கையெழுத்து. உங்கள் கையெழுத்துக்கு அதில் இடமே இராது.

நம்மவர்கள் பலர் இதை அறிந்திருப்பதில்லை. ஒரு தம்பி, கடையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் வந்த ஆங்கிலச் செய்திக்கு "ஓகே" என்று பதில் போட்டார். வழக்கை முடித்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்ட செய்தி அது. ஏதோ திகதி மாற்றம் என்று அவர் நினைத்திருந்தார். எனவே சட்டத்தரணியிடமிருந்து வரும் எந்தச் செய்தியையும் நம்பிக்கையான ஒருவரைக்கொண்டு வாசிப்பித்துவிட்டுப் பதில் போடுங்கள். உங்கள் சட்டத்தரணி உங்கள் பெயரில் எதிர்த்தரப்போடு செய்துகொள்ளும் உடன்பாடு, நீங்கள் உள்ளபடி அனுமதிக்காததாக இருந்தால்கூட, உங்களைக் கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றங்கள் சொன்ன சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. "என்னைக் கேட்காமல் வாபஸ் வாங்கவேண்டாம், உடன்பாடும் செய்யவேண்டாம்" என்று ஒரு மின்னஞ்சல் இன்றே அனுப்பி வையுங்கள்.

சட்டத்தரணி "விலகிவிட்டேன்" என்று கடிதம் அனுப்பியிருக்கிறார். என் கேஸ் முடிந்துவிட்டதா?

இல்லை. இரண்டு தாள்களின் தலைப்பிலும் "வித்ட்ராவல்" (வாபஸ், விலகல்) என்ற அதே ஆங்கிலச் சொல் இருப்பதால் வரும் பயம் இது. ஒன்று, வழக்கை வாபஸ் வாங்கும் அறிவித்தல். மற்றது, சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்றுவதிலிருந்து விலகும் அறிவித்தல்; அது 16ஆம் விதியின் கீழ் வருவது. இரண்டாவது தாள் வந்தால் வழக்கு உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்க ஆளில்லை. பத்து நாட்களுக்குள் வேறு சட்டத்தரணியை அமர்த்தவேண்டும், அல்லது வழக்குப் பத்திரங்கள் வந்துசேர ஒரு முகவரியைப் பதிவாளருக்கும் எதிர்த்தரப்புக்கும் எழுத்தில் கொடுக்கவேண்டும். கடிதத்தை லாச்சியில் போட்டுவிட்டு இருந்தால், தவணைத் திகதி உங்களுக்குத் தெரியாமலே வந்துபோய்விடும்.

வாபஸ் வாங்கினால் என் செக்‌ஷன் 22 பேப்பருக்கு என்ன நடக்கும்?

முடிவெடுக்க முன் இந்தப் பதிலை இரண்டு தரம் வாசியுங்கள்.

தஞ்சம் கோருபவருக்கான விசா, நாம் செக்‌ஷன் 22 என்று சொல்லும் தாள், கோரிக்கை முடிவாகும் வரைக்கும் உள்ள தாள். மேன்முறையீடு தோற்ற உடனேயே "இனி நீடிக்கமாட்டோம்" என்று அலுவலகங்கள் மறுத்த காலம் ஒன்று இருந்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 ஏப்ரலில் சைடி வழக்கில் அதற்கு முடிவு கட்டியது. உயர் நீதிமன்ற மீளாய்வு முடியும் வரைக்கும் அந்தத் தாளை நீடித்துக் கொடுக்கவேண்டும் என்றது. இன்று நீங்கள் வங்கியிலும் வேலைத்தலத்திலும் பிள்ளையின் பள்ளியிலும் காட்டும் தாள் உயிரோடிருப்பது, பெரும்பாலும் அந்த நிலுவை வழக்கின் பலத்தில்தான்.

வழக்கை எடுத்துவிட்டால் நீடிக்கக் காரணம் இல்லாமல் போகிறது. தாளில் இன்னும் இரண்டு மாதம் எழுதியிருக்கலாம். அது முடிந்து நீடிக்கப்போகும்போது "வழக்கு எங்கே?" என்று கேட்பார்கள். தாள் காலாவதியானால் வங்கிக் கணக்கு முடங்கும். வேலை கொடுத்தவர் பயப்படுவார். குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் சட்டவிரோத வெளிநாட்டவர். கைது செய்தால், லிண்டெலா தடுப்பு நிலையத்துக்கு அனுப்பினாலும் பொலிஸ் காவலில் வைத்தாலும், 48 மணித்தியாலத்துக்குள் நீதிமன்றத்தில் முற்படுத்தவேண்டும் என்பது 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்பு. அது பெரிய உரிமைதான். ஆனாலும் அந்த 48 மணித்தியாலம் எப்படியிருக்கும் என்று போய்வந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அகதிகள் சட்டத்தின் 2ஆம் பிரிவு சொல்கிறது. வாபஸ் வாங்கியதால் அந்தப் பிரிவு இல்லாமல் போகாது. ஆனால் நாடுகடத்தும் நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு அவசர மனுவோடு ஓடவேண்டிவரும். நிலுவையில் ஒரு வழக்கு இருப்பவருக்கு அந்த ஓட்டம் தேவைப்படாது.

"கேஸை வாபஸ் வாங்குங்கள், திரும்ப இன்டர்வியூ தருகிறோம்" என்று ஹோம் அஃபயர்ஸ் பக்கத்தில் சொல்கிறார்கள். நம்பலாமா?

சொல்பவர் நல்ல மனதோடும் சொல்லலாம். பல வழக்குகளில் பழைய முடிவு நிற்காது என்பது அரச சட்டத்தரணிக்கே தெரியும்: நேர்காணலில் மொழிபெயர்ப்பு சரியில்லை, நாட்டு நிலைமை பற்றி எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், வன்னியில் நடந்ததைக் கொழும்பில் நடந்ததாக எழுதியிருக்கிறார்கள். இப்படியான வழக்கை வாதாடாமல் முடித்துக்கொள்ள அவர்கள் விரும்புவது இயல்பு. அது உங்களுக்கும் நல்லது. எந்த வழியில் முடிக்கிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும்.

வழி ஒன்று: அவர்கள் வாயால் அல்லது மின்னஞ்சலில் வாக்குக் கொடுக்கிறார்கள், நீங்கள் வாபஸ் வாங்குகிறீர்கள். வழி இரண்டு: இருதரப்பும் சம்மதித்த வரைவு உத்தரவை நீதிபதியின் முன் வைத்து, அதை நீதிமன்றத்தின் உத்தரவாக ஆக்குகிறீர்கள். இரண்டாவது வழியில் வழக்கு வெற்றியாக முடிகிறது. வாபஸ் என்ற பேச்சே இல்லை.

அந்த வரைவு உத்தரவில் இருக்கவேண்டியவை இவை. பழைய முடிவு ரத்துச் செய்யப்படுகிறது. கோரிக்கை மறுபடி பரிசீலிக்கப்படும், முன்பு மறுத்தவர் அல்லாத வேறோர் அதிகாரியால். அது எத்தனை நாட்களுக்குள் நடக்கும் என்பதற்குக் குறித்த காலம். அதுவரைக்கும் உங்களதும் குடும்பத்தினதும் செக்‌ஷன் 22 நீடிக்கப்படும். வழக்குச் செலவை யார் ஏற்பது. பழைய முடிவு ரத்து என்ற வரி இல்லாத உத்தரவுக்குச் சம்மதிக்காதீர்கள். அந்த வரி இல்லாமல் "மீள்பரிசீலனை" என்று மட்டும் எழுதினால், பழைய நிராகரிப்பு கோப்பில் அப்படியே இருக்கும். இப்படி உத்தரவு கையில் இருந்தால், அவர்கள் செய்யாதபோது நீதிமன்ற அவமதிப்பு என்று திரும்பிப் போகலாம்.

வெறும் வாபஸின் அபாயத்தை 41ஆம் விதியே சொல்கிறது. எழுத்தில் கையெழுத்திட்ட இணக்கப்பாடு ஒன்று நிறைவேற்றப்படாவிட்டால், ஐந்து நாள் அறிவித்தல் கொடுத்து, அதன்படி தீர்ப்புத் தாருங்கள் என்று கேட்கலாம் என்கிறது அதன் 4ஆம் உபவிதி. ஆனால் அது தொடங்குவதே "வழக்கு வாபஸ் பெறப்பட்டிருந்தாலொழிய" என்ற நிபந்தனையோடு. வாபஸ் வாங்கிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். முதலில் வாபஸ், பிறகு இன்டர்வியூ என்று யார் சொன்னாலும், "உத்தரவாக எழுதித் தாருங்கள்" என்பதே உங்கள் பதிலாக இருக்கட்டும். மறுத்தால், ஏன் மறுக்கிறார்கள் என்று உங்கள் சட்டத்தரணியைக் கேட்கச் சொல்லுங்கள்.

வாபஸ் வாங்கினால் அரசாங்கத்தின் வழக்குச் செலவை நான் கட்டவேண்டுமா?

பொதுவான வழக்கம், வாபஸ் வாங்குபவர் தோற்றவரைப் போல. எதிர்த்தரப்பின் செலவு அவர் தலையில் விழும். அறிவித்தலிலேயே "செலவை ஏற்கிறேன்" என்று எழுதிவிட்டால் அது நீதிமன்ற உத்தரவின் பலம் கொண்டதாகிவிடும். எழுதாமல் விட்டால், எதிர்த்தரப்பு செலவு கேட்டுத் தனியாக மனுப் போடலாம்.

ஆனால் உங்கள் பக்கம் ஒரு பலம் இருக்கிறது. அரசியலமைப்பு உரிமைக்காக அரசுக்கெதிராக உண்மையான வழக்கு நடத்தித் தோற்றவரிடம் பொதுவாகச் செலவு வாங்கக்கூடாது என்று 2009இல் பயோவாட்ச் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. அற்பமாகவோ தொல்லை கொடுக்கவோ போட்ட வழக்குக்கு அந்தச் சலுகை இல்லை. நியாயமான நிர்வாக நடவடிக்கை என்பது அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு தரும் உரிமை என்பதால், தஞ்ச மீளாய்வுகளில் சட்டத்தரணிகள் இதை எடுத்துவைப்பார்கள். எனவே, அவரவர் செலவு அவரவருக்கு என்று அரச சட்டத்தரணி எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே அறிவித்தல் போகட்டும். பயத்தில் "செலவை ஏற்கிறேன்" என்ற வரிக்குச் சம்மதிக்கவேண்டாம்.

இங்குள்ள பெண்ணைக் கட்டியிருக்கிறேன். துணைவர் விசா எடுக்கத் தஞ்சத்தையும் கேஸையும் விடவேண்டுமா?

விட்டுவிட்டு வந்தால்தான் விண்ணப்பத்தை எடுப்போம் என்று கவுண்டரில் சொல்லியிருக்கலாம். 2018 ஒக்டோபரில் அஹ்மட் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம், தஞ்சம் கோருபவர்கள் குடிவரவுச் சட்டத்தின் கீழ் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்ற முழுத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்காகக் கோரிக்கையை முதலில் கைவிடவேண்டியதில்லை. ஆனால் அப்படியான விசாவை நாட்டுக்கு வெளியிலிருந்து கேட்கவேண்டும் என்ற விதி நிற்கிறது. உள்ளேயிருந்து கேட்க அமைச்சரின் விதிவிலக்கு பெறவேண்டும். அந்த விதிவிலக்கைக் கேட்டு, விசா கைக்கு வந்த பிறகு வழக்கை முடிப்பதே ஒழுங்கு. வரிசை மாறினால் இரண்டும் இல்லாமல் நிற்கவேண்டி வரும்.

அம்மாவுக்கு ஏலாது. ஊருக்கே போகப்போகிறேன். அப்போதும் இத்தனை யோசனை வேண்டுமா?

அம்மாவைப் பார்க்கப் போவதை யாரும் குறை சொல்ல முடியாது. அதிலும் ஒழுங்கு முக்கியம்.

செல்லுபடியான தாள் கையில் இருக்கும்போதே புறப்படுங்கள். தாள் முடிந்து 30 நாளுக்குள் வெளியேறினால் 12 மாதமும், 30 நாளுக்கு மேல் தங்கி வெளியேறினால் 5 வருடமும், திரும்ப வரமுடியாதவர் என்று ஓ.ஆர். தம்போ விமான நிலையத்திலோ கிங் ஷாக்காவிலோ அறிவிக்கலாம். 24 மாதத்துக்குள் இரண்டாம் தடவை என்றால் 2 வருடம். அதற்கு எதிராக முறையிட வழியுண்டு, ஆனால் அதை வெளிநாட்டில் இருந்துகொண்டு செய்யவேண்டும். எனவே டிக்கெட் திகதிக்கு முன் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டு, தாள் முடிந்த நிலையில் மாதக்கணக்காக நிற்காதீர்கள். விமானத்துக்கு ஒரு சில நாள் முன் வாபஸ் அறிவித்தல் போனால் போதும். அதைச் சட்டத்தரணியிடம் எழுதிக் கொடுத்துவிட்டே போகலாம்.

கடவுச்சீட்டுக்காகப் பிரிட்டோரியாவில் உள்ள இலங்கை உயர் ஸ்தானிகராலயத்துக்குப் போகுமுன்பும் சட்டத்தரணியைக் கேளுங்கள். உங்கள் நாட்டின் பாதுகாப்பை நீங்களாகவே மீண்டும் நாடினீர்கள் என்று அதைப் பிறகு சொல்லக்கூடும். மனம் மாறிப் பயணத்தை நிறுத்தினால், அந்த நடை உங்கள் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். பணமில்லாமல் திரும்ப நினைப்பவர்கள், தாமாக விரும்பித் திரும்புவோருக்கு உதவும் புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பைக் கேட்டுப் பார்க்கலாம்.

மனைவி பிள்ளைகளின் பெயரும் என் கேஸில் இருக்கிறது. நான் வாபஸ் வாங்கினால்?

அவர்கள் உங்களைச் சார்ந்தவர்களாக மட்டும் சேர்ந்திருந்தால், உங்கள் கோரிக்கை விழும்போது அவர்களுடைய நிலையும் விழும். ஆனால் மனைவி தன் சொந்தக் காரணத்தால் ஆபத்துக்கு உள்ளானவராக இருக்கலாம். அவருடைய அண்ணன் காணாமற்போயிருக்கலாம், அவரையே விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கலாம். அந்தக் கதையை ஒரு தடவையாவது அவர் தனியாக, நீங்கள் பக்கத்தில் இல்லாமல், சட்டத்தரணியிடம் சொல்லட்டும். அவர் தனி மனுதாரராகத் தொடரலாமா என்பதை அதன் பிறகே முடிவெடுக்க முடியும். கணவர்மாரே, இதைத் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள்.

வாபஸ் வாங்கிய பின் மனம் மாறினால் திரும்பப் போடலாமா?

தீர்ப்பு இல்லாமல் வாபஸ் ஆனதால், பொதுவாக மறுபடி போடத் தடையில்லை. தடையாக வருவது காலம். உள்வழி மேன்முறையீடு முடிந்ததிலிருந்து தேவையற்ற தாமதமின்றி, எப்படியும் 180 நாட்களுக்குள் மீளாய்வு போட்டிருக்கவேண்டும் என்கிறது பாஜா. நீங்கள் வாபஸ் வாங்கும் நேரத்தில் அந்த 180 நாள் எப்போதோ கடந்திருக்கும். காலத்தை நீட்ட எதிர்த்தரப்பு ஒப்பலாம், அல்லது நீதிமன்றம் அனுமதிக்கலாம். ஏன் தாமதம் என்று சத்தியக் கடதாசியில் நாள் நாளாக விளக்கவேண்டும். "நானே வாபஸ் வாங்கினேன்" என்ற காரணத்தை ஏற்க நீதிபதி தயங்குவார். பழைய வழக்கின் செலவு கட்டாமல் இருந்தால், கட்டும்வரை புதிய வழக்கை நிறுத்திவைக்கும்படி எதிர்த்தரப்பு கேட்கவும் கூடும்.

வாபஸும் வாங்காமல் தொடரவும் இல்லாமல் சும்மா விட்டுவிட்டால்?

அது எல்லாவற்றிலும் மோசம். தவணைக்கு ஆள் வராவிட்டால் வழக்கைச் செலவோடு தள்ளுபடி செய்யலாம்.

விசா தாமதமாகிப் புதுப்பிக்கப்படாததால் கோரிக்கையையே கைவிட்டதாகக் கருதும் அகதிகள் சட்டத்தின் 22(12), 22(13) உபபிரிவுகளை அரசியலமைப்பு நீதிமன்றம் 2023 டிசம்பரில் செல்லாதவை என்றது. ஸ்கலாப்ரினி நிலையம் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு அது. தாள் பிந்தியதற்காக "உன் கோரிக்கை முடிந்தது" என்று யாரும் சொன்னால் அந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள். ஆனால் நீதிமன்றத் தவணைக்குப் போகாமல் விடுவதற்கு அந்தத் தீர்ப்பு மறைப்பாகாது.

காசில்லை. யாரிடம் கேட்பது?

லோயர்ஸ் ஃபோர் ஹியூமன் ரைட்ஸ் அமைப்புக்கு டர்பனில் அலுவலகம் இருக்கிறது. அகதி வழக்குகள் அவர்களுக்குப் பழக்கமானவை. லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவிலும் விண்ணப்பிக்கலாம். கோயில் மண்டபத்தில் சந்திக்கும் "எல்லாம் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஒருவர் உண்மையில் சட்டத்தரணிதானா என்பதை லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் கேட்டு அறியலாம்.

போகும்போது நிராகரிப்புக் கடிதம், மேன்முறையீட்டு முடிவு, அது உங்கள் கைக்குக் கிடைத்த திகதி, செக்‌ஷன் 22 தாளின் இரண்டு பக்கமும், உயர் நீதிமன்ற வழக்கு எண், சட்டத்தரணியோடு நடந்த மின்னஞ்சல் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சந்திப்புக்கு நாள் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். உங்கள் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். நீங்கள் அங்கே சொல்லப்போவதைப் பிள்ளை கேட்கவேண்டியதில்லை.